கன்றும் கலையும், நிலத்துக்கு உரியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூர்வகுடி மக்களின் நிலத்தில் மரம் நட விரும்பும் குழுக்களும், அந்த வேலையில் கலையைச் சேர்க்க விரும்பும் கலைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன நடுவது, எங்கே நடுவது, நடத்தான் வேண்டுமா என்ற முடிவெல்லாம் அந்த நிலத்து மக்களுடையது. அந்த முடிவுக்குத் துணை நிற்கும் கலையைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

பங்கேற்புக் கலை என்றால் என்ன?

வழக்கமாக ஒருவர் படைக்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். பங்கேற்புக் கலையில் பார்க்க வந்தவரும் கை வைக்கிறார், குரல் கொடுக்கிறார், நடக்கிறார். அவர் இல்லாமல் படைப்பு முடிவடைவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கனடாவில் இருக்கிறது. 1990இல் ஓகா என்ற ஊரில், மோஹாக் மக்களின் பைன் மரக்காட்டையும் இடுகாட்டையும் ஒட்டிய நிலத்தில் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் வழியை மறித்து நின்றார்கள். இராணுவம் வரும் அளவுக்கு அது முற்றியது. அதற்கு அடுத்த ஆண்டு, அனிஷினாபே இனக் கலைஞர் ரெபெக்கா பெல்மோர் மரத்தால் மிகப் பெரிய ஒலிபெருக்கிக் குழல் ஒன்றைச் செய்தார். அதைத் திறந்த வெளிக்கும் மலையடிவாரத்துக்கும் கொண்டுபோய், பூர்வகுடி மக்களை அதன் வழியாக நிலத்திடம் பேச அழைத்தார். அரசிடம் மனுக் கொடுத்துச் சலித்தவர்கள் தங்கள் தாயிடம் பேசுவதுபோல் நிலத்திடம் பேசினார்கள். மலையிலிருந்து அவர்கள் குரலே எதிரொலியாகத் திரும்பி வந்தது. குழலைச் செய்தவர் பெல்மோர். சொற்கள் முழுவதும் வந்தவர்களுடையவை.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கலைஞர் சுவரில் ஒரு காட்டை வரைந்துவிடுகிறார், ஊரார் அதற்குள் வண்ணம் நிரப்புகிறார்கள். அதையும் பங்கேற்பு என்று அழைக்கிறார்கள். முதல் கோடு போட்டவர் யார் என்று பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும்.

பூர்வகுடி மக்கள், நிலம் பேணுதல் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

இந்தியாவில் பழங்குடி, ஆதிவாசி என்கிறோம். ஆஸ்திரேலியா, கனடா பற்றி எழுதும்போது பூர்வகுடி என்கிறோம். பிறர் வந்து ஆளத் தொடங்குவதற்கு முன்பிருந்தே ஓரிடத்தோடு வாழ்வும் மொழியும் வழிபாடும் பின்னிக் கிடக்கும் மக்கள். 2018இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 87 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலுமாகக் குறைந்தது 3.8 கோடி சதுர கிலோமீட்டர் நிலம் அவர்கள் உரிமையிலோ பராமரிப்பிலோ இருப்பதாகக் கணக்கிட்டது. உலக நிலப்பரப்பில் அது கால்பங்குக்கும் மேல்.

பேணுதல் என்றால் வேலி போட்டு ஒதுக்கி வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அது அன்றாட வேலை. எப்போது எரிப்பது, எந்தக் கிழங்கை எவ்வளவு தோண்டிவிட்டு எவ்வளவை மண்ணிலேயே விடுவது, எந்தத் தேன்கூட்டை இந்த ஆண்டு தொடாமல் விடுவது என்று கையால் செய்தும் கண்ணால் பார்த்தும் கற்றுக்கொள்வது.

இதில் கலை எங்கே வருகிறது? வெளியிலிருந்து சேர்க்கும் அலங்காரம் போலத் தெரிகிறதே?

கலை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் வடக்கே கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் கரூக், யுரோக் மக்களின் கூடைகளைப் பாருங்கள். அவற்றுக்கு ஹேசல் புதரின் நேரான, கிளையில்லாத, வளைந்துகொடுக்கும் இளங்குச்சிகள் வேண்டும். முதிர்ந்த புதரில் அவை கிடைப்பதில்லை. அளவான தீ வைத்தால் அடிவேரிலிருந்து புதுத் தளிர்கள் அம்புபோல் எழும்பும். ஓரிரு ஆண்டுக்குள் பின்னுகிறவர்கள் வந்து சேகரிப்பார்கள். அந்தத் தீயே கீழே சேரும் சருகையும் காய்ந்த புதரையும் குறைத்துப் பெருந்தீயைத் தடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசு இந்தத் தீயைக் குற்றமாக்கியது. நல்ல குச்சி அரிதாகியது, கூடை பின்னுவது சுருங்கியது, காட்டில் தீப்பற்றக்கூடிய சருகும் புதரும் குவிந்தன. கூடை பின்னும் பெண்கள் ‘எங்களுக்கு எரித்த நிலம் வேண்டும்’ என்று பல ஆண்டுகள் கேட்டதில் காட்டு மேலாண்மை பற்றிய முழுப் பாடமும் இருந்தது. காதுகொடுத்தவர்கள்தான் குறைவு.

ஆகவே ஒரு குழு ‘கலை நிகழ்ச்சி நடத்தலாமா’ என்று கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அங்கே ஏற்கெனவே என்ன கலை இருக்கிறது, அதற்கு எந்தச் செடி தேவை, அந்தச் செடி இப்போது கிடைக்கிறதா? பெரும்பாலும் நட வேண்டிய மரத்தின் பெயரே அந்தப் பதிலில் வந்துவிடும்.

ஓவியம் நிலத்தை மீட்டுத் தந்திருக்கிறதா?

தந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1963இல் ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில், யோல்ங்கு மக்களைக் கேட்காமலேயே அவர்கள் நிலத்தில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவின் சுரங்கத்துக்கு அரசு இடம் ஒதுக்கியது. அங்குள்ள யிர்க்காலா ஊரின் மூத்தோர் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவைத் தட்டச்சு செய்து, மரப்பட்டைகளில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களின் வடிவங்களைத் தீட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பார்ப்பவருக்கு அது அழகிய ஓரச் சித்திரம். தீட்டியவர்களுக்கு அது நிலப்பத்திரம். அந்த வடிவத்தைத் தீட்டும் உரிமை அந்த நிலத்துக்கு உரியவருக்கே உண்டு. சுரங்கம் வந்தது. 1971இல் நீதிமன்றத்திலும் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி எழுப்பிய கேள்விகளே 1976இல், ஆர்னெம் லேண்ட் அடங்கிய வடக்கு ஆட்சிப்பகுதிக்கான நில உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தன.

அடுத்தது ங்குரரா ஓவியம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெருமணல் பாலையிலிருந்து இடம்பெயர்ந்த வால்மஜாரி, வாங்கஜுங்கா உள்ளிட்ட மக்கள் தங்கள் நில உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. விசாரணையின் மொழி ஆங்கிலம். மூத்தோர் மொழி வேறு. நிலத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை எப்படிச் சொல்வது? 1997இல் பிர்னினி என்ற இடத்தில் ஏறக்குறைய 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள துணியைத் தரையில் விரித்தார்கள். 40க்கும் மேற்பட்டவர்கள் அதன் மீதே அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்குரிய நீர்ச்சுனையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் வரைந்தார்கள். தீர்ப்பாயத்தினர் வந்தபோது, தாம் வரைந்த பகுதியின் மேல் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று தம் மொழியில் பேசினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2007 நவம்பரில், 70,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் அவர்களின் உரிமை ஏற்கப்பட்டது. அந்தப் பத்து ஆண்டுக்குள் வரைந்தவர்களில் பலர் இறந்துபோனார்கள்.

மற்றவரின் சுனையை யாரும் வரையவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் எதைச் சொல்லலாம் என்ற ஒழுங்கு படத்துக்குள்ளேயே இருந்தது. அந்தத் துணியைச் சாட்சியாக்கியது அந்த ஒழுங்குதான் என்று நினைக்கிறேன்.

ஓவிய மரபே இல்லாத சமூகத்தில் என்ன செய்வது?

களிமண், அட்டை, பாட்டு, நடை எதுவும் போதும். கென்யாவின் மாவ் காட்டில் வாழும் ஓகியெக் மக்கள் 2006இல் நெஸ்ஸுயிட்டில் தங்கள் நிலத்தின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கினார்கள். முறை எளியது. நிலப்படத்தின் சம உயரக் கோடுகளை அட்டையில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மலையும் பள்ளத்தாக்கும் எழும்பும். வெட்டி ஒட்டும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகள் செய்வார்கள். வெறும் மலை தயாரானதும் மூத்தோர் வந்து ஊசி, நூல், வண்ணம் கொண்டு ஆறு, காடு, பழைய குடியிருப்பு, தேன்கூடு வைக்கும் இடங்கள் என்று குறிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதில் தடையில்லை. ‘இந்தச் சரிவில் என்ன மரம் இருந்தது?’ என்று ஒரு பிள்ளை கேட்கும், ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் தம் தந்தை சொன்னதை நினைவுகூர்வார். அந்த வாக்குவாதம்தான் உண்மையான விளைச்சல். பிற்பாடு எங்கே எந்த மரத்தை மீட்டெடுப்பது என்று திட்டமிட அதைவிடச் சிறந்த ஆவணம் கிடைக்காது.

மரம் நடுவதையே கலைப்படைப்பாக்கியவர்கள் யார்?

இரண்டு படைப்புகளை எல்லாரும் குறிப்பிடுவார்கள். இரண்டுமே பூர்வகுடி நிலத்தில் நடந்தவை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜெர்மன் கலைஞர் ஜோசஃப் பாய்ஸ் 1982இல் ஜெர்மனியின் காசெல் நகரில் 7,000 ஓக் மரங்கள் நடும் வேலையைத் தொடங்கினார். அருங்காட்சியகத்தின் முன் 7,000 பசால்ட் கற்களைக் குவித்துவிட்டார். நகரில் ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல் எடுத்து அதன் பக்கத்தில் நாட்டப்படும். ஒரு மரத்துக்கு 500 ஜெர்மன் மார்க் நன்கொடை. குவியல் நகர மக்களின் கண்ணை உறுத்தியது; அது கரைய வேண்டுமென்றால் நட்டே ஆக வேண்டும். கடைசி மரம் 1987இல், அவர் இறந்த மறு ஆண்டில், அவருடைய மகனால் நடப்பட்டது.

அமெரிக்கக் கலைஞர் அக்னெஸ் டேனெஷின் ‘மர மலை’ என்ற படைப்பு பின்லாந்தின் இலோயார்வியில் இருக்கிறது. சரளைக்கல் தோண்டிக் கைவிடப்பட்ட இடத்தில் மண்ணை மலையாக்கி, 1992 முதல் 1996 வரை 11,000 பேர் 11,000 பைன் மரங்களைச் சுருள் வடிவக் கணக்கில் நட்டார்கள். நட்டவருக்கு ஒரு சான்றிதழ். மரத்தின் காப்பாளர் என்ற பொறுப்பு வாரிசுகளுக்கும் செல்லும். அந்த இடம் 400 ஆண்டுகளுக்குக் காக்கப்பட வேண்டும்.

பாய்ஸின் கற்குவியலை நான் எங்கும் பரிந்துரைப்பேன்: மீதமிருக்கும் வேலை எல்லார் கண்ணிலும் பட வேண்டும். டேனெஷின் சான்றிதழைப் பூர்வகுடி நிலத்துக்குக் கொண்டுவர வேண்டாம். தோண்டிப்போட்ட குழியில் அது அருமையான யோசனை. ஏற்கெனவே பத்திரம், பட்டா, அரசாணை என்று காகிதங்களால் நிலம் பறிபோன மக்களின் மண்ணில், வெளியூர்க்காரர் பெயர் தாங்கிய சான்றிதழும் பெயர்ப்பலகையும் வேறு பொருள் தரும். நட்டவர் பெயரை எழுத ஆசை இருந்தால் மரத்தின் பெயரை அந்த மக்களின் மொழியில் எழுதுங்கள்.

மரம் நடுவது எப்படிப் பார்த்தாலும் நல்லதுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்லெண்ணத்தால் நடந்த சேதம் நிறைய.

நீலகிரியின் உச்சியில் இயற்கையாக இருந்தவை புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடும். அந்தப் புல்வெளியைத் தரிசு என்று கருதி, ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னும் சீகை என்று அழைக்கப்படும் வாட்டில் மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம், அவர்களின் கோயிலுக்கும் வீட்டுக்கும் கூரை வேய்ந்த புல் விளைந்த இடம் குறைந்துகொண்டே போனது. பச்சையாக இருந்தது என்னவோ உண்மைதான்.

2021இல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவின் அறிவியலாளர்களும் பிறரும் சேர்ந்து மரம் நடுவதற்கான பத்து விதிகளை வெளியிட்டார்கள். முதல் விதி, இருக்கும் காட்டை முதலில் காப்பாற்றுங்கள். இரண்டாவது, உள்ளூர் மக்களை மையத்தில் வையுங்கள். நடுவதைவிடத் தானாக முளைக்க விடுவது நல்லது என்ற இடங்களில் அப்படியே விடச் சொல்லும் விதியும் அதில் உண்டு.

சில இடங்களில் வெட்டுவதே வேலை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இந்தியக் காடுகளில் புதராக மண்டி, புல்லையும் இளங்கன்றுகளையும் அமுக்கிவிட்டது. கூடலூர்ப் பகுதியின் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்களும் சோளகர்களும் அந்தக் குச்சிகளை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து ஆளுயரத்தையும் தாண்டும் யானைகளைச் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் அவர்கள் பகுதியில் நடமாடும், அவர்களுக்கு அடையாளம் தெரிந்த ஒரு காட்டு யானை. 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024இல் அமெரிக்காவில் பயணம் தொடங்கியது. களையெடுப்பு, கூலி, யானையோடு சேர்ந்து வாழும் அறிவு மூன்றும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. ஒரு கன்றுகூட நடாத இந்தக் கலை, பல நடவு விழாக்களைவிடக் காட்டுக்கு அதிகம் செய்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அனுமதி யாரிடம், எப்படிக் கேட்பது?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 செப்டம்பர் 13 அன்று பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 144, எதிர்ப்பு 4. எதிர்த்தவை ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. நான்குமே பின்னர் நிலையை மாற்றிக்கொண்டன. நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களுக்கு முன்கூட்டியே, வற்புறுத்தல் இல்லாமல், முழு விவரத்தோடு ஒப்புதல் பெற வேண்டும் என்று அது சொல்கிறது. மரம் நடுவதும் நிலத்தைப் பாதிக்கும் திட்டம்தான்.

ஒப்புதல் என்பது ஒரு தலைவரின் கையெழுத்து மட்டும் அன்று. கிராம சபையா, குல மூத்தோர் அவையா, பெண்கள் தனியாகக் கூடும் கூட்டமா என்பதை அந்த மக்களே சொல்வார்கள். கன்றுகளை லாரியில் ஏற்றிய பிறகு கேட்பது கேட்பதாகாது. நிதி கிடைத்த பிறகு கேட்பதும் ஏறத்தாழ அப்படித்தான். ‘வேண்டாம்’ என்ற பதிலைத் தாங்கும் நிலையில் கேட்பவர் அப்போது இருப்பதில்லை. ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்றும் சொல்வார்கள். ஊரில் ஒரு சாவு, ஒரு வழக்கு, அறுவடை என எதுவாகவும் இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

அவர்களின் ஓவிய வடிவங்களைச் சுவரிலோ பதாகையிலோ பயன்படுத்தலாமா?

அவர்களே வரைந்தாலோ, வரையச் சொன்னாலோ மட்டும். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் கலைஞர்களின் படைப்புகளை அவர்களைக் கேட்காமல் கம்பளங்களில் நெய்து விற்றார்கள். அவற்றில் புனிதமான வடிவங்களும் இருந்தன. அவற்றைக் காலால் மிதித்து நடக்கும் பொருளாக்கியிருந்தார்கள். 1994இல் நீதிமன்றம் அதைப் பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டைக் கணக்கிடும்போது பண்பாட்டளவில் அவர்களுக்கு ஏற்பட்ட காயத்தையும் சேர்த்துக்கொண்டது. ‘பாராட்டும் விதமாகத்தானே வரைந்தோம்’ என்ற விளக்கம் இங்கே செல்லாது.

பணம்?

மூத்தவர் ஒருவர் ஒரு நாள் முழுக்க உங்களோடு நடந்து மரங்களை அடையாளம் காட்டினால், அது ஆலோசகரின் வேலை. ஆலோசகருக்குத் தரும் ஊதியத்தைத் தாருங்கள். தேநீரும் சால்வையும் ஊதியம் ஆகாது. நாற்றங்காலை அவர்கள் நடத்தட்டும், கன்றுகளை அவர்களிடமே வாங்குங்கள். நிதியில் பெரும்பகுதி நடவு நாளுக்குப் பிறகான ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் நிதி தருபவரோடு சண்டை போட வேண்டியிருந்தாலும் போடுங்கள்.

நட்ட பிறகு கலைக்கு என்ன வேலை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

நடவு நாளில் எல்லாரும் வருவார்கள். கன்று சாவது அதற்குப் பின் வரும் முதல் கோடையில், யாரும் இல்லாத நாளில். களை மூடிவிடும், ஆடு கடிக்கும், மூடாக்கு காற்றில் போய்விடும். அந்த நாட்களில் மனிதர்களை அங்கே திரும்ப வரவைப்பதுதான் கலையால் செய்ய முடிந்த மிகப் பெரிய உதவி.

தாய்லாந்தில் 1980களின் இறுதியிலிருந்து பௌத்த பிக்குகள் மரங்களுக்குக் காவித் துணி சுற்றித் துறவு அளிக்கும் சடங்கைச் செய்துவருகிறார்கள். மரத்தைத் துறவியாக்கிய பிறகு அதை வெட்டக் கை வருமா? வட தாய்லாந்தின் கரேன் மக்களிடம் இதைவிடப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் இட்டு ஒரு மரத்தில் கட்டுவார்கள். அந்த மரத்தை வெட்டக் கூடாது. அதன் உயிரும் பிள்ளையின் உயிரும் ஒன்று. ஒவ்வொரு பிறப்பும் ஒரு மரத்துக்குக் காவல் வைக்கிறது. எந்தக் கலைஞரும் இதைவிட நல்ல பங்கேற்புப் படைப்பை யோசித்துவிட முடியாது.

இந்தச் சடங்குகளை நகலெடுக்கச் சொல்லவில்லை. அவற்றின் கட்டமைப்பைப் பாருங்கள்: ஒரு குறிப்பிட்ட மனிதர், ஒரு குறிப்பிட்ட மரம், முறிக்கத் தயங்கும் உறவு. அதை மனத்தில் வைத்து, அந்த மக்கள் ஒப்பும் வழியில் பல செய்யலாம். ஒரே கன்றை ஒரே பிள்ளை ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரையலாம். ஐந்தாம் ஆண்டில் அந்த ஐந்து படங்களையும் ஊர்க் கூடத்தில் தொங்கவிட்டால், எந்தக் கன்றுக்குத் தண்ணீர் போகவில்லை என்பதும் சுவரில் தெரிந்துவிடும். எந்த மாதம் எது பூக்கிறது, எது காய்க்கிறது, எப்போது விதை சேகரிக்கலாம் என்ற வட்ட நாட்காட்டியை மூத்த பெண்கள் சொல்லச் சொல்லத் தரையில் கோலமாகவோ துணியில் தையலாகவோ வரையலாம். களையெடுக்கும் நாளுக்குப் பாட்டு இருந்தால் அந்த நாளைப் பாட்டின் நாளாக்குங்கள். செத்த கன்றின் இடத்தில் ஒரு கல்லையோ குச்சியையோ நட்டு வையுங்கள். இறந்தவற்றை மறைக்கும் திட்டங்கள் மறு ஆண்டும் அதே இனத்தை அதே இடத்தில் நட்டுச் சாகவிடுகின்றன.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்கலாம், மூத்தோரோடு சேர்த்து. பிள்ளைகளை மட்டும் கூட்டி ‘மரம் வளர்ப்போம்’ என்று வண்ணம் அடிக்கவைத்தால் அங்கிருந்து கடத்தப்படும் அறிவு எதுவும் இல்லை. ஒரு பாட்டியும் ஒரு பேத்தியும் ஒரே தாளில் வரைந்தால் செடியின் பெயர் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

படம் பிடித்து வெளியிடலாமா?

முகங்களுக்கு ஒப்புதல் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இடங்களுக்கும் வேண்டும். மூலிகை வளரும் பள்ளம், தேன் பாறை, முன்னோரைப் புதைத்த இடம் ஆகியவை வரைபடத்தில் வெளியானால் மறு மாதமே திருட வருவார்கள். மக்கள் உருவாக்கிய வரைபடத்தின் முழு வடிவம் ஊரிலேயே இருக்கட்டும். வெளியே காட்டும் பிரதியில் எதையெல்லாம் நீக்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

வெற்றியை எப்படி அளப்பது?

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைத் தலைப்பில் போடாதீர்கள். மூன்று கோடைக்குப் பின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுங்கள். அதோடு, பின்னுவதற்குக் குச்சி கிடைக்கிறதா, ஒரு மரத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அதிகமானார்களா, அடுத்த நடவை அந்த மக்கள் நீங்கள் இல்லாமலே நடத்தினார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் நீங்கள் அங்கே இனித் தேவையில்லை. அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

கலை மட்டும் போதுமா? அரசும் நிறுவனமும் வந்து நிலத்தை எடுத்துக்கொண்டால்?

போதாது. 2016இல் அமெரிக்காவில் பூர்வகுடி மக்களின் ஸ்டாண்டிங் ராக் பகுதியில் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக மக்கள் திரண்டபோது, அந்த மண்ணில் பிறந்த கலைஞர் கனூபா ஹன்ஸ்கா லூகர் கண்ணாடிக் கேடயம் செய்வது எப்படி என்று ஒரு காணொளி வெளியிட்டார். பலகையும் பிரதிபலிக்கும் தாளும் போதும். பல ஊர்களில் மக்கள் செய்து அனுப்பினார்கள். எதிரே நின்ற காவலர்கள் கேடயத்தில் தங்கள் முகத்தையே பார்க்க வேண்டியிருந்தது. குழாய் மறு ஆண்டு இயங்கத் தொடங்கியது.

மேலே சொன்ன ஓகியெக் மக்களுக்கு 2017இல் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2022இல் இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும், 2023 நவம்பரில், காட்டைக் காப்பதாகச் சொல்லி அவர்களின் வீடுகளை இடித்து வெளியேற்றினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காட்டைக் காத்தவர்களைக் காட்டின் பெயரால் துரத்துகிறார்கள். ஆகவே உங்கள் கலைத் திட்டத்தில் ஒரு வழக்கறிஞருக்கும் இடம் வையுங்கள். வரைந்த வரைபடத்தின் சான்றளிக்கப்பட்ட பிரதி எங்கே இருக்கிறது, வழக்கு வந்தால் யார் எடுத்துப் போவார் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கட்டும்.

தொடங்க விரும்புகிறோம். முதல் முறை போகும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

கன்றுகளைக் கொண்டுபோக வேண்டாம். பதாகையும் வேண்டாம். அழைப்பு வந்திருந்தால் போங்கள். நடக்கத் தயாரான காலோடு போங்கள். அவர்கள் காட்டும் மரங்களின் பெயரை அவர்கள் மொழியில் கேட்டு, அந்த ஒலியோடு எழுதிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். எது குறைந்துவிட்டது, எதற்காக அது வேண்டும், யார் அதைக் கடைசியாகப் பார்த்தார் என்று விசாரியுங்கள். அன்றைக்கு எந்தத் திட்டமும் உறுதியாகாமல் திரும்பலாம். ‘விதை விழும் காலத்தில் வாருங்கள்’ என்று அவர்கள் சொன்னால், அது எந்த மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த மாதத்தில் போய் நில்லுங்கள்.